சில ஊர்களில் மட்டும் பூமி ஏன் அதிகம் ஆடுவதில்லை?

நேபாளத்திலோ மியான்மரிலோ பெரிய நிலநடுக்கம் வந்த மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: நம்ம ஊருக்கு வருமா? உடனே யாராவது ஒரு சித்தப்பா "தக்காணம் கெட்டிப் பாறை, இங்கெல்லாம் வராது" என்று பதில் போட்டு விஷயத்தை முடித்துவிடுவார். சித்தப்பா சொன்னதில் பாதி சரி. பாறை கெட்டிதான், தென்னிந்தியாவில் நிலநடுக்கம் குறைவுதான். ஆனால் பாறை கெட்டியாக இருப்பதால் மட்டும் நிலநடுக்கம் குறைந்துவிடவில்லை. "குறைவு" என்பதை "வராது" என்று படித்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிராவிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பூமியின் மேல் ஓடு ஏழெட்டுப் பெரிய தட்டுகளாகவும் ஒரு டஜனுக்கு மேல் சின்னத் தட்டுகளாகவும் உடைந்து கிடக்கிறது, எல்லாமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கின்றன, இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாமல் விட்டது, இந்த நகர்வு எவ்வளவு ஓரவஞ்சனையானது என்பது. உலகின் பெரிய நிலநடுக்கங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பசிபிக் பெருங்கடலைச் சுற்றிய விளிம்பில் மட்டுமே நடக்கின்றன. மீதியிலும் பெரும்பகுதி இந்தோனேசியாவில் தொடங்கி இமயமலை, ஈரான், துருக்கி வழியாக மத்தியதரைக் கடல் வரை போகும் ஒரு பட்டைக்குள் அடங்கிவிடும். கனடாவின் பெரும்பகுதி, பிரேசில், மேற்கு ஆப்பிரிக்கா, சைபீரியா, ஆஸ்திரேலியா, பின்லாந்து, தக்காணம் என்று உலகின் பெரும்பாலான நிலப்பரப்புக்கு மிஞ்சுவது சொற்பம்.

காரணம் எளிது. தட்டு என்பது நடுவில் வளையாத, விறைப்பான துண்டு. இரும்பு பீரோவைத் தரையில் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டவிட்டால் சுவரில் காரை பெயரும், பீரோவின் முனை நசுங்கும், ஆனால் நடுத்தட்டில் மடித்து வைத்த புடவை கலையாது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் வடகிழக்காகப் போய் ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அதில் 2 சென்டிமீட்டர் அளவுக்கு இமயமலையே வாங்கிக்கொள்கிறது, மிச்சத்தைத் திபெத்தும் அதற்கு அப்பால் தியான் ஷான் வரையுள்ள மலைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பல வருடங்களாக நிலையான ஜிபிஎஸ் கருவிகள் ஓடுகின்றன. இரண்டு ஊர்களும் ஆண்டுதோறும் 5 சென்டிமீட்டர் நகர்கின்றன, ஆனால் சேர்ந்தே நகர்கின்றன, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. நகர்வு எவ்வளவு என்பதைவிட, பக்கத்துப் பக்கத்து நிலங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் நிலநடுக்கத்தைத் தீர்மானிக்கிறது.

இதைப் பார்க்க நல்ல இடம் தென் அமெரிக்கா. ஒரே கண்டம், ஒரே தட்டு, இரண்டு கரைகள். மேற்குக் கரையில் நாஸ்கா தட்டு ஆண்டுக்கு 7 சென்டிமீட்டர் அளவில் கண்டத்துக்கு அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. 1960-இல் சிலியில் வந்த 9.5 அளவு நிலநடுக்கம், மனிதர்கள் கருவி வைத்து அளந்ததிலேயே பெரியது. அதே சிலியில் 2010-இல் 8.8. கிழக்கே பிரேசிலுக்கு வந்தால், ஆழம் குறைந்த நிலநடுக்கங்களில் அங்கே பதிவானதிலேயே பெரியது 1955-இல் மாட்டோ குரோசோ மாநிலத்தில் வந்த 6.2. அந்த நாட்டில் நிலநடுக்கத்தால் ஒருவர் இறந்ததாக முதன்முதலில் பதிவானதே 2007-இல்தான், 4.9 அளவுள்ள ஓர் அதிர்வில் வீடு இடிந்து ஒரு குழந்தை இறந்தது.

பிரேசிலுக்கு 7,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறதே, அது விளிம்பில்லையா என்று கேட்கலாம். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நிலம் முடிகிற இடத்தில் தட்டு முடிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தென் அமெரிக்கத் தட்டு பிரேசில் கரையைத் தாண்டிக் கடலுக்கு அடியிலும் தொடர்ந்து போய், அட்லாண்டிக்கின் நடுவில் உள்ள கடலடி மலைத்தொடரில்தான் முடிகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பிய்ந்து வந்தபோது உண்டான கிழிசல்தான் இன்றைய பிரேசில் கரை, அந்த வேலை முடிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் கிழக்குக் கரையும் அந்த ரகம்தான், சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்த ஓரம். அதனால்தான் சென்னை கடலோர நகரமாக இருந்தும் டோக்கியோவின் கதி அதற்கு இல்லை. ஜப்பானின் கரைக்குச் சற்றுத் தள்ளியே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் அளவில் நுழைகிறது. சென்னைக்கு அப்படிப்பட்ட விளிம்பு அந்தமானுக்கு அந்தப் பக்கம், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

சரி, கெட்டிப் பாறை விஷயம். தக்காணத்தின் தென்பாதியில் கால் வைக்கும் இடமெல்லாம் பழசு. பெங்களூர் லால்பாக்கில் வாக்கிங் போகிறவர்கள் ஏறி உட்காரும் அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் தெரியும் சார்னோகைட் பாறை ஒரு காலத்தில் இருபது கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் வெந்து உருவாகி, மேலே இருந்ததெல்லாம் அரிபட்டுப் போனபின் வெளியே தெரிகிறது. இப்படிப்பட்ட நிலத்துண்டுகளைப் புவியியலாளர்கள் கிராட்டான் என்பார்கள். கனடா, மேற்கு ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா, பின்லாந்து எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ரகம் உண்டு. பல இடங்களில் 200 கிலோமீட்டர் ஆழம் வரை வேர் விட்டிருக்கும், உள்ளிருந்து வரும் வெப்பம் குறைவு. குளிர்ந்த பாறை இளகாது, வளையாது. அதனால் ஓரத்தில் வரும் தள்ளலை நடுவில் உள்ள கிராட்டான் தன் மேல் வாங்கி உருக்குலையாமல் அப்படியே அடுத்த பக்கத்துக்குக் கடத்திவிடுகிறது, உருக்குலைவதெல்லாம் சுற்றியுள்ள இளம், சூடான, பலவீனமான நிலங்கள்.

ஆனால் கவனியுங்கள், கடத்துகிறது என்றால் அந்த அழுத்தம் அதன் வழியாகத்தான் போகிறது. ஜெர்மனியில் பவேரியாவில் 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆழத்துக்கு ஓர் ஆராய்ச்சித் துளை போட்டார்கள், அமைதியான பகுதிதான் அது. அங்கே பாறைக்குள் இருந்த அழுத்தம், ஏற்கெனவே உள்ள வெடிப்புகள் வழுக்குவதற்குத் தேவையான அளவை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டு இருந்தது. உலகில் வேறு பல ஆழ்துளைகளிலும் இதே கதை. ஆக, அமைதியான பகுதி என்றால் அழுத்தமே இல்லாத பகுதி என்று நினைப்பது தப்பு. எங்கு பார்த்தாலும் மேலோடு வழுக்கும் நிலைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. வித்தியாசம், வழுக்கியபின் மறுபடி அந்த நிலைக்கு ஏறி வர எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. பழைய வெடிப்பு ஒன்று ஒரு தடவை 2 மீட்டர் வழுக்குகிறது என்று வையுங்கள். இமயமலை அடிவாரத்தைப் போல ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் சேர்ந்தால், அந்த 2 மீட்டர் சேர 100 ஆண்டு போதும். தட்டின் நடுவில் ஒரு குறிப்பிட்ட வெடிப்புக்கு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்றால் 2 லட்சம் ஆண்டு. எழுத்தில் வரலாறு வைத்திருப்பவர்களாக நம்மை எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் இரண்டாயிரம் சொச்சம் ஆண்டுதான் கையில் இருக்கிறது, நிலநடுக்கப் பதிவு என்று பார்த்தால் அதில் மிகச் சின்னத் துண்டு. அந்தத் துண்டில் ஒன்றும் நடக்கவில்லை என்பது அந்த வெடிப்பைப் பற்றி எதையும் சொல்லாது.

இப்போது மகாராஷ்டிரா. கொய்னா அணையில் 1962-இல் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள், கொஞ்ச நாளிலேயே சுற்று வட்டாரத்தில் சிறு அதிர்வுகள் தொடங்கின, 1967 டிசம்பர் 11 விடியற்காலை 6.3 அளவில் வந்து சுமார் 180 பேர் இறந்தார்கள். நிலநடுக்க ஆபத்தைக் காட்டும் அன்றைய வரைபடத்தில் அது கவலைப்படத் தேவையில்லாத பகுதி. ஏரி நீரின் எடையும், வெடிப்புகளுக்குள் கசிந்து இறங்கிய நீரின் அழுத்தமும் பாறையின் இரண்டு பக்கங்களையும் இறுக்கிப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தின. அவ்வளவு பெரிய நிலநடுக்கத்துக்கான விசையை ஓர் ஏரி உண்டாக்கிவிட முடியாது. விசை அங்கே முன்பே இருந்தது, ஏரி அவசரப்படுத்தியது. அணையைச் சுற்றி இன்றுவரை அதிர்வு ஓயவில்லை, அதனால் உலகத்தில் ஏரிக்கும் நிலநடுக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் படிக்க விரும்புகிறவர்கள் எல்லாரும் கொய்னாவுக்கு வருகிறார்கள், 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டுக்கூடப் பார்த்திருக்கிறார்கள்.

லாத்தூரில் அப்படிச் சாட்டு சொல்லப் பெரிய அணையும் இல்லை. 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன், பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து ஊர் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம். அளவு 6.2. ஜப்பானில் இந்த அளவுக்குச் செய்தியில் சில நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான். இங்கே ஏறக்குறைய 10,000 பேர் போய்விட்டார்கள், ஏனென்றால் கில்லாரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு என்றால் மண் வைத்து அடுக்கிய கருங்கல் சுவர், அதன் மேல் வெயிலுக்கு அடக்கமாகக் கனமாக மண் பரப்பிய கூரை. முந்தைய ஆண்டே கில்லாரிப் பக்கம் சிறு அதிர்வுகள் வந்து போயிருந்தன. ஆனாலும் வரைபடப்படி அது 1-ஆம் மண்டலம், அதாவது நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்த வகை. பூமிக்கு மேலே அடையாளம் காட்டும் எந்த வெடிப்பும் யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை.

வரைபடத்தின் வரலாற்றைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும். கொய்னா ஆடியபின் 1970-இல் கொய்னாவின் மண்டலத்தை உயர்த்தினார்கள். லாத்தூருக்கும், குஜராத்தின் கட்ச் பகுதியில் 2001-இல் வந்த பூஜ் நிலநடுக்கத்துக்கும் அப்புறம், 2002-இல் இந்தியத் தர அமைப்பு 1-ஆம் மண்டலத்தையே எடுத்துவிட்டு 2 முதல் 5 வரை மட்டும் வைத்துக்கொண்டது. நிலநடுக்கம் முன்னே போக, வரைபடம் பின்னாலேயே ஓடுகிறது. ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: கட்ச் விஷயத்தில் வரைபடம் சரியாகவே இருந்தது, பூஜ் அப்போதே 5-ஆம் மண்டலம், ஏனென்றால் 1819-இல் அங்கே வந்த பெரிய நிலநடுக்கம் நிலத்தையே கரை போல உயர்த்திவிட்டது, அது பதிவில் இருந்தது. கட்ச், நர்மதை-சோன் பள்ளத்தாக்கு போன்றவை ஒரு காலத்தில் கண்டம் பிளக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோன இடங்கள். தட்டின் உட்பகுதியில் எங்காவது ஆடப்போகிறது என்றால் இந்தப் பழைய காயங்களில்தான் முதலில் ஆடும். 1997-இல் ஜபல்பூரில் வந்தது நர்மதைப் பக்கத்துக்குச் சொந்தமானது, அமெரிக்காவில் மிசிசிபி ஆற்றோரம் 1811-12-இல் நியூ மாட்ரிட்டை உலுக்கியதும் அதே மாதிரி நின்றுபோன பிளவில்தான்.

பழைய காயங்களை மட்டும் குறித்துவைத்துக்கொண்டால் தப்பிக்கலாமா என்றால், ஆஸ்திரேலியா வேறு மாதிரிச் சொல்கிறது. டெனன்ட் க்ரீக் என்று நடுப் பாலைவனத்தில் ஓர் ஊர். 1988 ஜனவரி 22 அன்று, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மூன்று நிலநடுக்கங்கள், மூன்றும் 6-க்கு மேல். முப்பது கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிழிந்து படியாக நின்றது, புதைத்து வைத்திருந்த எரிவாயுக் குழாய் மடங்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் குறுகிப்போனது. பிறகு குழி வெட்டிப் பார்த்தபோது, அந்த வெடிப்பு அண்மைப் புவியியல் காலத்தில் முன்பு அசைந்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. வட சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்தவர்கள் கண்டது இன்னும் வேடிக்கை: 7-க்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஒன்றுகூட அதே வெடிப்புத் துண்டில் இரண்டாம் முறை வரவில்லை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம். 1976-இல் இரண்டரை லட்சம் பேர் அளவில் பலி வாங்கிய டாங்ஷானும் அப்படித்தான், அது பெரிய ஆபத்துப் பகுதி என்று கணக்கில் இருந்த ஊரே இல்லை. இமயமலையில் எங்கே வரும் என்று நமக்குத் தெரியும், எப்போது என்று தெரியாது. தட்டின் நடுவில் எங்கே என்பதும் தெரியாது.

அண்டார்டிகாவும் நிலநடுக்கம் குறைந்த இடம்தான், அதன் அமைதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தட்டைச் சுற்றிப் பெரும்பாலும் கடல் விரிகிற விளிம்புகள்தான், முட்டுகிற விளிம்பு மிகக் குறைவு. அதோடு சராசரியாக இரண்டு கிலோமீட்டர் கனத்துக்குப் பனி மேலே உட்கார்ந்திருக்கிறது, அந்த எடை பாறையின் வெடிப்புகளை அழுத்தி மூடிவைக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். பனி போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி வடக்கு சுவீடனில் இருக்கிறது. அங்கே பார்வி என்ற வெடிப்பு, நீளம் 150 கிலோமீட்டருக்கு மேல், சில இடங்களில் பத்து மீட்டர் உயரப் படியாக நிற்கிறது. பனியுகம் முடிந்து பனிப்பாறை உருகி எடை இறங்கியபோது, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், அங்கே 8 அளவை நெருங்கிய நிலநடுக்கம் வந்திருக்க வேண்டும். இன்று அந்தப் பக்கம் போய்க் கேட்டால் நிலநடுக்கமா, இங்கேயா என்பார்கள்.

மனிதன் கையும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2009-க்கு முன் 3 அளவுக்கு மேல் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் வரும். எண்ணெயோடு வெளிவரும் உப்புத் தண்ணீரை ஆழத்தில் திருப்பிச் செலுத்தத் தொடங்கி அது பெருகப் பெருக, 2015-இல் மட்டும் 900 அளவுக்கு வந்தன, 2016-இல் ஒன்று 5.8-ஐத் தொட்டது. செலுத்துவதைக் குறைத்ததும் அதிர்வுகளும் குறைந்தன. கொய்னாவில் ஏரி செய்ததை இங்கே ஆழ்துளைக் குழாய் செய்தது.

கெட்டிப் பாறைக்கு ஒரு பின்விளைவும் உண்டு, இதைச் சித்தப்பாக்கள் சொல்வதில்லை. உடைந்து நொறுங்கிய இளம் நிலத்தில் அதிர்வலை சீக்கிரம் அடங்கிவிடும், பழைய குளிர்ந்த பாறையில் வெகுதூரம் ஓடும். 2011 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் வந்த 5.8 கலிபோர்னியாவில் வந்திருந்தால் ஒரு மாகாணச் செய்தி. அது கனடா வரை உணரப்பட்டது, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்ற வாஷிங்டன் நினைவுத் தூணில் விரிசல் விட்டது. அடிக்கடி வராது, வந்தால் நிறைய ஊர்களைத் தொடும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் 6-ஐ ஒட்டிய ஒரு நிலநடுக்கம் வந்தது, தென்னிந்தியாவில் பரவலாக உணரப்பட்டது. பாலக்காட்டுக் கணவாயையும் காவிரியையும் ஒட்டிப் போகும் அந்தப் பட்டை, பழங்காலத்தில் தனித்தனி நிலத்துண்டுகள் வந்து ஒட்டிக்கொண்ட தையல் என்று பல புவியியலாளர்கள் கருதும் இடம். இன்றைய கோவையில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் 5.5 அளவில் ஒன்று வந்து சென்னையையும் ஆட்டியது. இலங்கையும் இதே அமைதியான பகுதிதான், ஆனாலும் 1615-இல் கொழும்பைச் சேதப்படுத்திய நிலநடுக்கம் பற்றிப் போர்த்துகீசியர் காலக் குறிப்பு இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சென்னையில் அலுவலகங்களிலிருந்து எல்லாரும் தெருவுக்கு ஓடி வந்தது பலருக்கு நினைவிருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே வந்த அந்த 8.6, தட்டு விளிம்பில் வந்ததே இல்லை, கடலடியில் தட்டின் உள்ளே வந்தது, அந்த வகையில் பதிவானதிலேயே பெரியது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டு என்று நாம் படித்தது அங்கே மெல்ல இரண்டாகப் பிய்ந்துகொண்டிருக்கிறது. பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் கடல் நீர் பெரிதாக மேலெழவில்லை, 2004 மறுபடி நடக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

சென்னை 2002 திருத்தத்தில் 2-ஆம் மண்டலத்திலிருந்து 3-க்கு ஏறியது. அது எந்த அளவு ஆபத்து என்று தெரிய வேண்டுமானால் அகமதாபாத்தைப் பார்க்கலாம், அதுவும் அப்போது 3-ஆம் மண்டலம்தான். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் பக்கம் நிலம் ஆடியபோது அகமதாபாத் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது, அப்படியும் அங்கே அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். சரிந்தவற்றில் நிறைய, கீழ்த்தளத்தைச் சுவரே இல்லாமல் வெறும் தூண்களாக விட்டு வண்டி நிறுத்தக் கொடுத்த கட்டடங்கள். மேலே எல்லா மாடியிலும் சுவர் இருந்து விறைப்பாக நிற்க, கீழே மட்டும் தூண்கள் தனியாக ஆட்டத்தை வாங்கி ஒடிந்தன. வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ சதுப்பு மண்ணில் ஃப்ளாட் பார்க்கிறவர்கள் மாடுலர் கிச்சனைத் திறந்து பார்க்கிற நேரத்தில் கீழே இறங்கி, அந்த பார்க்கிங் தளத் தூண்களின் கனத்தையும் லிஃப்டைச் சுற்றி கான்கிரீட் சுவர் இருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது, கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் 3-ஆம் மண்டலத்துக்குக் கணக்குப் போட்டாரா என்று கேட்பதும்.